0.20 மில்லிமீட்டர்: ஈவோ 3 பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டுமா?

கிள்ளான்வாசி:
"ஃப்ளைவீல் பக்கம் ஏழு போல்ட் கொண்ட 4ஜி63 பிளாக் எதுவும் மறுபடி கட்டத் தகுதியற்றது, ஆறு போல்ட் கிடைக்காதவர்கள் பேருந்தில் போகலாம்" என்று வேறோர் இழையில் பழைய போர்மன் அவர்கள் தீர்ப்பளித்திருந்தார். அந்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். புதியவர்களுக்கு: 4ஜி63 என்பது மிட்சுபிஷியின் எஞ்சின் வகை; பிளாக் என்பது சிலிண்டர்கள் உள்ள அதன் இரும்பு உடல். ஃப்ளைவீலைக் கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில், பிடிக்கும் போல்ட்டுகள் பழையதில் ஆறு, பின்னர் வந்ததில் ஏழு. என் புரோட்டோன் விரா காருக்காக, பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் ஈவோ 3இன் ஏழு போல்ட் எஞ்சின் ஒன்றை வாங்கி முழுவதும் பிரித்துவிட்டேன். பிளாக்கில் உள்ள 4ஜி63 என்ற எழுத்தை மட்டும் நான் நம்பவில்லை. டர்போ இல்லாத பழைய கேலண்ட் எஞ்சினுக்கும் அதே பெயர்தான். துளை விட்டம் 85 மி.மீ. இருக்கிறது, பிஸ்டனின் அடிப்பக்கத்திற்கு எண்ணெய் பீய்ச்சும் ஜெட்டுகள் நான்கும் இருக்கின்றன. பிரிப்பதற்கு முன் டயல் கேஜ் வைத்து கிராங்கின் முன்பின் ஆட்டத்தைப் பார்த்தேன்: 0.20 மி.மீ. கையேட்டில் இயல்பான அளவு 0.05 முதல் 0.18 வரை என்றும், எல்லை 0.25 என்றும் போட்டிருக்கிறது. ஆகவே பிளாக் நல்ல பிளாக்தான். சிலிண்டர்களை 85.5க்குக் கடைந்து புதிய பிஸ்டன் போடப் போகிறேன்.

பழைய போர்மன்:
பெயர் சொல்லி அழைத்ததற்கு நன்றி, தம்பி. ஒரே ஒரு கேள்வி: 0.20 என்பது 0.18ஐ விடப் பெரியதா, சிறியதா? ஈப்போவில் நான் பட்டறை நடத்திய காலத்தில் கையேடு படித்துவிட்டு வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் மூன்று மாதம் கழித்து அதே எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் கிராங்கைத் தாங்கும் பேரிங்குகளில் நடுவிலுள்ள மூன்றாவது மெயின் பேரிங்கின் பக்கவாட்டு முகத்தில், அதாவது த்ரஸ்ட் முகத்தில்தான் இறங்குகிறது. அந்த முகம் தேயத் தொடங்கிவிட்டால் நிற்காது. முதலில் பேரிங் போகும். பிறகு கிராங்கின் பக்கச் சுவரே பிளாக்கின் இரும்பைத் தின்னும். அந்த நிலைக்கு வந்த பிளாக்கைப் பூச்சட்டியாகத்தான் பயன்படுத்தலாம்.

விரா95:
ஐயா சொல்வது 1995க்குப் பிறகு வந்த அமெரிக்க மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரின் கதை. அதில் கிராங்க் சென்சார் கிராங்கின் முனையிலேயே இருந்ததால், கிராங்க் நகர்ந்தவுடன் அதோடு சுழலும் தட்டு சென்சாரில் உரசி, கிளட்சை மிதித்ததும் எஞ்சின் அணைந்துபோனது, ஊரே பேசியது. ஈவோ 1 முதல் 3 வரை சென்சார் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பக்கம் இருக்கிறது. ஏழு போல்ட் என்ற ஒரே காரணத்திற்காக எல்லா எஞ்சினையும் ஒரே சுடுகாட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை. பலர் கிளட்சில் தேவைக்கு மேல் கனமான பிரஷர் பிளேட்டைப் போட்டுவிட்டு, பழியைப் போல்ட்டின் எண்ணிக்கைமீது போடுகிறார்கள்.

பழைய போர்மன்:
சென்சார் எங்கே இருந்தால் என்ன? காய்ச்சல் காட்டும் கருவி வீட்டில் இல்லையென்றால் காய்ச்சலே இல்லை என்று சொல்வீர்கள் போலிருக்கிறது. எக்லிப்ஸில் சென்சாராவது முன்கூட்டி எச்சரித்தது. உங்கள் ஈவோவில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. மறுபடி கேட்கிறேன்: 0.20 பெரியதா, 0.18 பெரியதா? நேரான பதில் ஒன்று வேண்டும்.

கிள்ளான்வாசி:
0.25 பெரியது. அதுதான் என் பதில். எல்லை என்ற சொல்லை அச்சகத்தார் அழகுக்காகச் சேர்க்கவில்லை.

அளவுகோல்:
இருவரும் மன்னிக்கவும். அந்த 0.20ஐ எடுத்தபோது மெயின் பேரிங்குகளைப் பிடிக்கும் கேப்புகள் சரியான டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுகியிருந்தனவா? கிராங்கை முதலில் ஒரு பக்கம் முழுவதும் தள்ளி டயலைச் சுழியத்தில் வைத்துத்தான் மறுபக்கம் நெம்பினீர்களா? ஃப்ளைவீல் மாட்டியிருந்ததா? இவை தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மேலும், புதிய த்ரஸ்ட் பேரிங் போட்டபின் வரும் ஆட்டம்தான் முடிவு செய்ய வேண்டிய அளவு. பழைய பேரிங்கோடு எடுத்தது அல்ல.

பழைய போர்மன்:
எத்தனை டார்க்கில் இறுக்கினாலும் 0.20 என்பது 0.18க்கு மேல்தான். இன்னொன்றும் சொல்லி விடுகிறேன்: தம்பி, எஞ்சினின் நடுக்கத்தைக் குறைக்கும் பாலன்ஸ் ஷாஃப்ட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதன் சிறிய பெல்ட் அறுந்தால் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும்; வால்வுகள் பிஸ்டனில் போய் முட்டும். கழற்றி எறிந்தாயா, இல்லையா?

கிள்ளான்வாசி:
கழற்றிவிட்டேன். எண்ணெய்த் துளை மறையும்படி அந்த ஷாஃப்ட்டின் பேரிங்கைத் திருப்பியும் வைத்துவிட்டேன். இதையும் கையேடு படித்த பையன்தான் செய்தான்.

விரா95:
நான் அதைக் கழற்றுவதையே ஏற்கவில்லை. தினமும் வேலைக்குப் போகும் காரில் ஸ்டியரிங் நடுங்குவதை யார் தாங்குவது? நல்ல பெல்ட்டைப் போட்டு, உரிய காலத்தில் மாற்றினால் போதும்.

பழைய போர்மன்:
பெல்ட் மாற்றுவதைப் பற்றி நீங்கள் பேசலாமா? சென்ற ஆண்டு எனக்கு விற்ற டர்போவின் தண்டு விரலால் தொட்டாலே உறையில் உரசியது. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

விரா95:
அதை வாங்கும்போது, நாற்பது ஆண்டு அனுபவமுள்ள உங்கள் விரல்தான் சோதித்துப் பார்த்தது, ஐயா. விலையை இருமுறை குறைத்ததும் நீங்கள்தான்.

பழைய போர்மன்:
பேச்சை மாற்ற வேண்டாம். டர்போ வேறு, த்ரஸ்ட் முகம் வேறு. ஆறு போல்ட் பிளாக்கை நான் சும்மா புகழவில்லை. 1992க்கு முந்தைய கேலண்ட் விஆர்4 எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனெக்டிங் ராடின் பருமன் தெரியும். பிஸ்டனை அந்த ராடோடு இணைக்கும் பின் 21 மி.மீ. என்பதால் 22 மி.மீ. பின் கொண்ட ஏழு போல்ட் பிஸ்டனை அதில் அப்படியே மாட்ட முடியாது. உதிரிபாகம் வாங்குமுன் இதைக்கூடப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இருந்தும், கிடைத்தால் அதைத்தான் வாங்குவேன்.

கிள்ளான்வாசி:
பிஸ்டன் பின் 22 என்றால் இன்னும் தடிப்பானது அல்லவா? உங்கள் கணக்குப்படி பெரிய எண்தானே ஆகாது?

பழைய போர்மன்:
வாய் நன்றாக இருக்கிறது, பேரிங்கும் அப்படியே இருக்கட்டும்.

அளவுகோல்:
கேப்புகள் இறுகியிருந்தனவா என்று கேட்டிருந்தேன். துளை 85 என்று சரியாகப் பார்த்திருக்கிறீர்கள், 86.5 இருந்தால் அது 4ஜி64 என்ற வேறு எஞ்சின், அந்த பிளாக்கின் உயரமும் 6 மி.மீ. கூடுதல். ஆனால் துளையை மேலே, நடுவே, கீழே என்று குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தீர்களா? ஓவல் எவ்வளவு என்று தெரியாமல் 85.5 போதுமா, 86 வரை போக வேண்டுமா என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கிள்ளான்வாசி:
கடைசல் பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே பேச்சு 0.20ஐப் பற்றி. அது 0.25க்குள் இருக்கிறது.

பழைய போர்மன்:
0.18க்கு வெளியே இருக்கிறது.

விரா95:
ஐயா, டர்போவுக்கு நீங்கள் தர வேண்டிய மீதி முந்நூறு ரிங்கிட்டும் இன்னும் வெளியேதான் இருக்கிறது.