பேரியம் சல்ஃபேட் வடிதாளில் நிற்கவில்லை: அது படிகம்தானா?

கேள்வி:
சல்ஃபேட் எடையறி பகுப்பாய்வு செய்கிறேன், அதாவது சல்ஃபேட்டைப் பேரியம் சல்ஃபேட்டாக வீழ்படிய வைத்து, வடித்து, எடை போட்டு அளவு காண்பது. குளிர்ந்த கரைசலில் பேரியம் குளோரைடை மொத்தமாக ஊற்றினால் பால்போல் கலங்கி, நுண்துகளைப் பிடிக்கும் வாட்மேன் 42 வடிதாளிலும் நிற்காமல் இறங்கிவிடுகிறது. இது படிக அமைப்பே இல்லாத தூளா? வீழ்படிவாதலும் படிகமாதலும் வேறா?

பதில் 1:
படிகம்தான். எவ்வளவு நுண்தூளாக விழுந்தாலும் உள்ளே பாரைட் கனிமத்தின் (இயற்கையில் கிடைக்கும் பேரியம் சல்ஃபேட்) அதே செஞ்சாய்சதுர அமைப்பு. எக்ஸ் கதிர் விளிம்புவிளைவில் உச்சிகள் அதே கோணங்களில்தான் வரும். துகள் மிகச் சிறிதானால் அகன்று தெரியும். கரைசலிலிருந்து திண்மம் பிரிவது வீழ்படிவாதல். பிரிந்த திண்மத்தில் அயனிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது படிக அமைப்பு. ஃபெரிக் ஹைட்ராக்சைடு மாதிரி ஒழுங்கில்லாக் கூழாக விழுவதும் வீழ்படிவுதான்.

உங்கள் சிக்கல் துகள் அளவு. குளிரில் சட்டென்று ஊற்றும்போது கரைசல் அளவுக்கு மீறி மீதெவிட்டிய நிலைக்கு (கரையக்கூடியதைவிட அதிகம் கரைந்திருக்கும் நிலை) போய், ஏராளமான படிகக் கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றுகின்றன. அப்புறம் வளர அயனி மிச்சமில்லை.

பதில் 2:
செய்முறையை மாற்றுங்கள். நீரற்ற சோடியம் சல்ஃபேட் 0.3 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.5 மி.லி., நீர் சேர்த்து 225 மி.லி. கொதிநிலைக்குக் கொண்டுவந்து, சூடான 5% பேரியம் குளோரைடு 12 மி.லி.யைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலம் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் கூடவே விழாமல் தடுக்கும். கரைதிறனையும் கொஞ்சம் கூட்டுவதால் கருக்கள் குறையும். பிறகு ஒரு மணி நேரம் நீராவித் தொட்டியில். இந்த நேரத்தில் சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின்மேல் படியும். இதைத் தவிர்த்தால் எந்தத் தாளும் உதவாது. வெந்நீரில் கழுவி, வடிநீரில் சில்வர் நைட்ரேட் விட்டும் கலங்காதபோது, அதாவது குளோரைடு போனபின், நிறுத்துங்கள். மாதிரியிலேயே நைட்ரேட் இருந்தால் வீழ்படிய வைக்கும் முன்பே நீக்கிவிடுங்கள். அது கூடவே விழுந்து எடையைக் கூட்டும்.

பதில் 3:
'மெதுவாக விட்டால் பெரிய படிகம்' எல்லா உப்புக்கும் பொருந்தாது. சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் (தெவிட்டிய கரைசலில் அயனிச் செறிவுகளின் பெருக்கற்பலன்) 1.8×10⁻¹⁰, பேரியம் சல்ஃபேட்டுக்கு 1.1×10⁻¹⁰, கிட்டத்தட்ட ஒன்றே. ஆனாலும் சில்வர் குளோரைடு எப்படி விட்டாலும் தயிர்த்திரளாகத்தான் வரும், அதன் கருக்கள் அவ்வளவு எளிதில் தோன்றும். கால்சியம் கார்பனேட்டிலோ வீழ்படிய வைக்கும் விதம் படிக அமைப்பையே மாற்றும், ஒரே பொருள் இரு வடிவங்களில் வரும்: அறை வெப்பத்தில் பெரும்பாலும் கால்சைட், சூட்டிலோ மெக்னீசியம் கூட இருந்தாலோ அரகோனைட்.

பதில் 2-க்கு ஒரு சேர்க்கை: தாளைத் தீப்பிடிக்காமல் கருக்கிய பின்பே 800 டிகிரி செல்சியஸுக்குப் போங்கள். காற்று போதாவிட்டால் தாளின் கார்பன், சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக ஒடுக்கி எடையைக் குறைத்துவிடும். அப்படி ஆனால் ஆறியபின் இரண்டு சொட்டு சல்ஃபூரிக் அமிலம் விட்டு, மெல்லச் சூடாக்கி, மறுபடி எரியுங்கள்.