அடங்காத மாணவருக்கு நடத்தைச் சிகிச்சை தேடி அலைந்தவர்களின் அனுபவங்கள்

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை:
கவராய முனையைப் பக்கத்துப் பையனின் புறங்கையில் இறக்கிய எட்டாம் வகுப்பு மாணவனைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன் நடந்தவற்றை இங்குள்ள ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயம்பட்டவனின் பெற்றோர் டி.சி. கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்ற இயலாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தலைமையாசிரியர் எடுத்துக்காட்டிய பிறகுதான் மருத்துவமனை யோசனையே எழுந்தது. அவனுடைய தாயுடன் நானும் சென்றேன். மனநல மருத்துவர் சிறிது நேரம் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். உளவியலாளர் விடுப்பில் இருப்பதால் அடுத்த வாரம் வரச் சொன்னார். என்னை உறுத்துவது அதுவன்று. வெளியே வந்ததும், படிக்கத் தெரியாத அந்தத் தாய் ஓ.பி. சீட்டை மகனிடம் நீட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். மேலே 'மனநலப் பிரிவு' என்று நீல முத்திரை இருந்தது. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பொது மருத்துவம்னு போட்டிருக்கும்மா" என்று படித்துக் காட்டினான். அடுத்த வாரம் அவர்கள் செல்லவில்லை.

உதவி பெறும் பள்ளி ஆசிரியர்:
மருத்துவர் அவசரமாகப் பார்த்தார் என்னும் குறையில் எனக்கு உடன்பாடில்லை. நாம் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்? எங்கள் மாணவனைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதத்தில் 'திமிர் பிடித்தவன்', 'யாருக்கும் அடங்காதவன்' என்பவைதாம் இருந்தன. உளவியலாளர் அதை மடித்து வைத்துவிட்டு, அடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடித்த பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. குறித்து வைக்கத் தொடங்கியதும் தெரிந்தது: வாய்விட்டுப் படிக்கும் முறை அவனை நெருங்கும்போதெல்லாம் தகராறு வெடித்தது, நாங்களும் உடனே வெளியே நிற்க வைத்தோம். அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பரிசோதனையில் கற்றல் குறைபாடு தெரியவந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் செய்ததை எந்த மாத்திரையும் செய்திருக்காது.

ஒரு தாய்:
ஆசிரியர்கள் ஒருமுறை அழைத்துச் சென்றதையே இவ்வளவு எழுதுகிறீர்கள். வாரந்தோறும் கூலியை விட்டுவிட்டுப் போனவள் நான். சிகிச்சை பெரும்பாலும் எனக்குத்தான் நடந்தது: ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், செய்தால் அந்த நொடியே பாராட்ட வேண்டும், சிறு அடங்காமைகளைக் கண்டுகொள்ளக் கூடாது, அடிக்கவே கூடாது. கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் கத்தல் கூடும், அதன் பிறகே குறையும் என்று எச்சரித்திருந்தார்கள். அவ்வாறே கூடியது, வீட்டில் எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். ஒருநாள் அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தபோது நல்ல பிள்ளை என்றேன். "எதுக்கும்மா நடிக்கிற?" என்று கேட்டான். அன்றாடம் கையெழுத்திட வேண்டிய நடத்தை அட்டையைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினேன். வகுப்பில் இத்தனை பேர் இருக்கும்போது இவனுக்கு மட்டும் எப்படி என்று சொல்லி, வெறுமையாகவே திருப்பி அனுப்பினார்கள். நோட்டுப் புத்தகம் பற்றி எழுதியவரின் பள்ளியில் என் மகன் படிக்கவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:
என் பணிக்காலத்தில் ஒரு மாணவன் அறிவியல் ஆய்வகத்தின் கண்ணாடிகளை உடைத்தான்; அவனுக்கு ஒரு காது கேட்காது என்பது பின்னரே தெரிந்தது. ஆகவே சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பார்வையையும் செவித்திறனையும் சோதியுங்கள். அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ்ப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்கும். வேண்டுமானால், குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக்கும். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை வகுப்புக்கே வரவழைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். மருத்துவமனைக்கு உடனே செல்ல இயலாதவர்கள் 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். வீட்டில் வன்முறை நடக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லத் தயங்காதீர்கள். அடித்துத் திருத்தலாம் என்று இன்னும் நினைப்பவர்கள், உடல் தண்டனையைத் தடைசெய்யும், அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் படிக்க வேண்டும்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை:
ஐயா, இந்த எண்களெல்லாம் எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியே இருக்கின்றன. நோட்டுப் புத்தகம் பற்றி எழுதிய சாருக்கு: நாங்களும் தேதிவாரியாக எழுதித்தான் கொண்டுசென்றோம், அதைப் படிக்க வேண்டியவர்தான் அன்று விடுப்பில் இருந்தார். அந்தத் தாய் கேட்டது நியாயம். ஓர் அட்டையில் கையெழுத்திட நேரமில்லை என்பதை நானும் ஏற்கமாட்டேன். எங்கள் மாணவன் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டான். மாற்றுச் சான்றிதழின் நடத்தைக் கட்டத்தில், எல்லாருக்கும் எழுதுவதுபோல் 'நன்று' என்று எழுதியிருந்தோம். அந்த நோட்டுப் புத்தகம் என் பீரோவில்தான் இருக்கிறது. அதைப் புதிய பள்ளியின் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பதற்கு முன் தாயிடம் அனுமதி கேட்க வேண்டும், அப்போது அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டிவரும்.