பாலிஸ்டிக் ஊசலில் வேகம் கூடுதலாக வருகிறது, உதவுங்கள்

நண்பர்களே, பாலிஸ்டிக் ஊசல் (சுட்ட குண்டைப் பிடித்துக்கொண்டு எழும் உயரத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணிக்கும் கருவி) செய்து பார்க்கிறேன். இரும்புக் குண்டு 65 கிராம், அதைப் பிடிக்கும் ஊசல் 245 கிராம். நிறைமையம் 7.5 செ.மீ. எழுகிறது. உந்த அழிவின்மைப்படி குண்டின் வேகம் 5.78 மீ/வி. அதே விசையில் 1 மீட்டர் உயரத்திலிருந்து கிடையாகச் சுட்டால் 2.50 மீட்டர் தள்ளி விழுகிறது. அப்படிப் பார்த்தால் 5.53தான். (ஆற்றலை மட்டும் சமன்செய்து 2.65 என்று எழுதும் மாணவர்களுக்கு: குண்டு பொதியும்போதே 79% இயக்க ஆற்றல் போய்விடுகிறது.)

உராய்வு காரணமில்லை, அது உயரத்தைக் குறைக்கும், வேகமும் குறைவாகத்தானே வரும்? தண்டு நெடுகிலும் எடை பரவியிருப்பதைப் பார்க்காமல் ஊசலைப் புள்ளி நிறையாக எடுத்ததுதான் தவறு என்று படுகிறது. குண்டோடு சிறு கோணத்தில் ஆடவிட்டு, அலைவு நேரத்திலிருந்து நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) கண்டவர்கள் உண்டா? எத்தனை அலைவு எண்ணினீர்கள்? கோணம் காட்டும் முள் உரசாதபடி அதைத் தள்ளி வைத்தீர்களா?