நிர்வாகம் பார்க்க ஒரு பங்காளி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஹட்டனில் சின்னதாக ஒரு பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். வருபவர்களில் பலர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்காமார். தூக்க முடியாத தோளை மெல்ல மெல்ல உயர்த்திப் பழக்கும்போதே போன் அடிக்கும்: காப்புறுதிப் படிவத்தில் திகதி விடுபட்டிருக்கிறதாம். பிறகு கணக்கு, வருடாந்தப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதமும் என் பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நான் 3 வீதமும் கட்டும் வேலை. நோயாளிக்கான நேரத்தைக் கடதாசி தின்கிறது.

நிலையத்தை விற்க மாட்டேன். இந்த வேலைகளைப் பொறுப்பெடுக்க ஒரு பங்காளி வேண்டும். சிகிச்சையும் கட்டணமும் மட்டும் என் முடிவு. தோட்டத்து ஆட்களிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க மனம் வராது.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இப்படிக் கூட்டாக நடத்துபவர்கள் இருக்கிறீர்களா? இலாபத்தில் பங்கா, மாதக் கொடுப்பனவா, எது சரிவந்தது? ஒப்பந்தத்தில் எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?