அம்பன் தீவு: கிராம்பு மூட்டிய பகையா, முன்பே இருந்த பிளவா?

கடல்வழி (கேள்வி)

இந்தோனேசியாவின் அம்பன் தீவில் வடக்கே ஹிட்டு பக்கம் முஸ்லிம் ஊர்கள், தெற்கே லெய்டிமோர் பக்கம் பெரும்பாலும் கிறித்தவ ஊர்கள். இந்த இரு மதத்தாருக்கும் இடையே 1999-இல் மூண்ட கலவரம் பற்றிப் பேச்சு வந்தாலே "டச்சுக்காரன் கிராம்புக்காக மூட்டிவிட்ட பகை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் பிளவு எப்போது வந்தது? கிராம்பு ஏகபோகம் நடைமுறையில் எப்படி நடந்தது?

ஏட்டுச்சுருள்

அந்த ஒரு வரி பாதிதான் சரி. போர்த்துக்கீசியர் வரும் முன்பே ஹிட்டுவில் இஸ்லாம் வேரூன்றியிருந்தது. போர்த்துக்கீசியர் 1512-இல், அம்பன் அடங்கிய மலுக்குத் தீவுகளுக்கு வந்தார்கள்; ஹிட்டுக்காரர்களோடு முறிந்த பிறகு தெற்குக் கரைக்கு நகர்ந்தார்கள். 1546-இல் சவேரியார் அம்பனில் மறைப்பணி செய்தார். இருபுறமும் இருவேறு மதம் என்ற அமைப்பு இப்படித்தான் உருவானது.

ஆனால் இதைக் கவனியுங்கள். 1605-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசியரின் அம்பன் கோட்டையைப் பிடித்தபோது, ஹிட்டு முஸ்லிம்கள் டச்சுக்காரருக்குத்தான் கூட்டாளிகள். பகை வந்தது கிராம்பை விற்கும் உரிமையால். கம்பெனிக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தம். சுலவேசித் தீவின் மக்காசர் துறைமுக வணிகரோ கூடுதல் விலை கொடுத்தார்கள். கம்பெனி அதைக் கடத்தல் என்றது. அப்படி மூண்ட போரில் ஹிட்டுத் தலைவர் காக்கியாலி 1643-இல் கொல்லப்பட்டார், கப்பாஹா அரண் 1646-இல் வீழ்ந்தது.

மரமும்மொட்டும்

ஏகபோகம் நடந்த விதத்துக்கு வருகிறேன். கிராம்பின் தாயகம் தெர்னாத்தே, திடோரே, மோத்தி, மாக்கியான், பச்சான் என்ற ஐந்து வடமலுக்குத் தீவுகள். 1652-இல் கம்பெனிக்காரர்கள் தெர்னாத்தே சுல்தான் மந்தர்ஷாவோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுத்தொகை கொடுத்து, அவர் ஆட்சிப்பகுதியில் மரங்களை வெட்ட வைத்தார்கள். அம்பனிலும், பக்கத்தில் ஹருக்கு, சபருவா, நுசலாவுத்திலும் மட்டும் விட்டார்கள்.

வெட்டுவதற்கு ஆண்டுதோறும் ஹொங்கி என்ற படகுப் படை கிளம்பும். கோராகோரா படகு, துடுப்பு போடும் ஆள் எல்லாம் ஊர்கள் தர வேண்டும். பல வாரம் வயல், மீன்பிடி, அறுவடை எல்லாம் நின்றுபோகும். ஹிட்டு அடங்கிய பிறகு முஸ்லிம் ஊர்களும் படகு தந்தன என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதில் கோளாறு கிராம்பு மரத்திலேயே இருக்கிறது. நட்ட கன்று மொட்டு விட ஆறேழு ஆண்டாகும். ஒரு பருவம் அபரிமிதமாகக் காய்த்தால் அடுத்தது வறண்டுவிடும். மொட்டு விரியுமுன் கையால் பறித்து, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். விரிந்துவிட்டால் மதிப்பு கெடும். கம்பெனியோ இன்றைய கையிருப்பைப் பார்த்து நடச் சொல்லும், அடுத்த மிகுதியைப் பார்த்து வெட்டச் சொல்லும். ஆணை பலன் தருவதற்குள் சந்தை மாறியிருக்கும். நஷ்டம் முழுக்கச் சாகுபடிக்காரன் தலையில். கிராம்புக்கு மாற்றாகக் கம்பெனி கொடுத்ததில் பெரும்பங்கு சோழமண்டலக் கரைத் துணி. கம்பெனியின் பழவேற்காட்டுக் கோட்டை அதற்காகவே முக்கியமாக இருந்தது.

கடல்வழி

அப்படியானால் 1999?

ஏட்டுச்சுருள்

நேர்கோடு போட வேண்டாம். இடையில் டச்சுப் பள்ளிகளும் காலனியப் படையும் கிறித்தவ அம்பனியருக்கு வேலைவாய்ப்பைக் கொடுத்தன. சுதந்திரத்துக்குப் பின் சுலவேசிப் பக்கத்து முஸ்லிம்களான புட்டன், பூகிஸ், மக்காசர் மக்கள் குடியேறினார்கள். அரசுப் பதவிகளுக்குப் போட்டி முற்றியது. 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாளன்று சண்டை வெடித்தது. 2002 பிப்ரவரியில் சுலவேசியின் மாலினோ ஊரில் இரு தரப்புக்கும் இடையே அமைதி உடன்பாடு கையெழுத்தானது.

பழைய ஊர்களிடையே பேலா என்ற உடன்பிறப்பு ஒப்பந்தம் உண்டு. சில வகைப் பேலாவில் கள்ளில் இரத்தம் கலந்து குடித்து உறுதி எடுப்பார்கள். அதன்பின் அந்த ஊர்களுக்குள் திருமணம் கூடாது, உதவி கேட்டால் மறுக்கவும் கூடாது. முஸ்லிம் ஊரான பத்து மேராவும் கிறித்தவ ஊரான பாசோவும் பேலா ஊர்கள். குடியேறியவர்களுக்கோ அந்தக் கட்டுக்குள் இடமே இல்லை.