4130 ராமானுஜன்: இந்தச் சிறுகோளுக்குப் பெயர் வைத்தது யார்?

மொட்டைமாடி:
கணிதமேதை ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோள் இருக்கிறது, நம் ஊரிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று தங்கை பையன் எங்கோ படித்துவிட்டு வந்து என்னைத் துளைத்தெடுக்கிறான். உண்மையா? பணம் கட்டினால் நம் பெயரையும் வைப்பார்களா?

ஜவ்வாது:
உண்மைதான் சார். 1988 பிப்ரவரி 17, வாணியம்பாடி பக்கம் காவலூர் வானாய்வகம், கண்டுபிடித்தவர் ஆர். ராஜமோகன். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருந்தும் இதற்குப் பயன்பட்டது 45 செ.மீ. ஷ்மிட் வகைத் தொலைநோக்கிதான், ஏனென்றால் சிறுகோள் தேட வானத்தில் அகலமான பகுதியை ஒரே படத்தில் பிடிக்க வேண்டும், அதற்கு ஷ்மிட்டை அடிக்க ஆள் கிடையாது. ஒரே இடத்தை நேரம் விட்டு இரண்டு தடவை படம் எடுத்து ஒப்பிட்டால் நட்சத்திரமெல்லாம் அப்படியே இருக்கும், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே அந்த ஒன்றைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை!

வால்மீன்_ரசிகன்:
பார்த்த அன்றே பெயர் வந்துவிடாது. முதலில் 1988 டிகியூ1 என்று தற்காலிகக் குறியீடுதான், அதில் டி என்றால் பிப்ரவரி பிற்பாதி. அப்புறம் பல இரவுகளின் அளவீடுகள் சேர்ந்து சுற்றுப்பாதை உறுதியானால்தான் நிரந்தர எண், இங்கே 4130. எண் கிடைத்தபின் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு, ஒப்புதல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழுவுக்கு. காசுக்கு அங்கே வேலையே இல்லை, சான்றிதழ் விற்கும் தளங்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். வியாபாரப் பெயர் கூடாது, பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், அரசியல், ராணுவத்தால் பெயர் பெற்றவர் என்றால் இறந்து 100 வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி. இந்தியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் இதுதானா?

ஜவ்வாது:
இல்லை சார். 1861-லேயே சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டுபிடித்தார், ஆசியக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் 67 ஏசியா என்றே பெயர் வைத்தார். அதே சென்னையில் அவர் கடைசியாகப் பிடித்தது 1885-இல், 245 வேரா. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இங்கிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. காவலூர்தான் அந்த இடைவெளியை உடைத்தது. இதைப் பள்ளிப் பாடத்திலேயே வைக்க வேண்டும் என்பேன்.