ஃபேஸ் கோட்டைப் பார்த்த பிறகு வால்வைக் கழற்றவில்லை

பெருந்துறை உறுப்பினர்:
சாயப்பட்டறையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பார்க்கிறேன். வெந்நீர் லைனில் பக்கத்து மெஷின் கொஞ்சம் தண்ணீர் எடுத்தால் போதும், வெப்பநிலை மேலும் கீழும் ஆட ஆரம்பித்து அடங்கவே நேரமாகும். எல்லோரும் நீராவி வால்வைத்தான் திட்டினார்கள்.

லூப்பை (சென்சாரைப் பார்த்து கன்ட்ரோலர் வால்வைத் திருத்தும் சுற்று) மேனுவலில் போட்டு, வால்வை மெதுவாகவும் வேகமாகவும் சைன் அலையாக ஆட்டி, வெப்பநிலை எவ்வளவு ஆடுகிறது (கெயின்), எவ்வளவு பின்தங்குகிறது (ஃபேஸ்) என்று குறித்து, ஆட்டும் வேகத்துக்கு எதிராக செமிலாக் தாளில் (ஒரு அச்சு பத்துப் பத்து மடங்காக ஏறும் தாள்) இரண்டு கோடாக வரைந்தோம். கெயின் கோடு ஒழுங்காக, டெகேடுக்கு (ஆட்டும் வேகம் பத்து மடங்கானால்) 20 டெசிபெல், அதாவது பத்தில் ஒன்றாக, இறங்கியது. அதை மட்டும் பார்த்தால் சாதுவான லூப், அந்தச் சரிவுக்கு ஃபேஸ் −90 டிகிரி பக்கம் நிற்கணும். ஆனால் ஃபேஸ் கோடு அங்கே நிற்காமல் சரிந்துகொண்டே போனது.

காரணம் குழாய்தாங்க. சென்சார், நீராவி தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருந்தது. தண்ணீர் விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால் 4 விநாடி டெட் டைம், அதாவது மாற்றம் சென்சாருக்கு வந்து சேராத நேரம். அது கெயினைத் தொடாது, ஃபேஸை மட்டும் தின்னும். கன்ட்ரோலரையும் சேர்த்துப் பார்த்தால் கெயின் 0 டெசிபெல்லைக் (ஒரு மடங்கு) கடப்பது விநாடிக்கு 0.1 ரேடியனில். அங்கே 0.1 × 4 = 0.4 ரேடியன், அதாவது 23 டிகிரி போச்சு. தாமதம் இல்லாவிட்டால் 40 டிகிரி ஃபேஸ் மார்ஜின் (−180 டிகிரிக்கு முன் மிச்சமிருக்கும் இடைவெளி; அது தீர்ந்தால் லூப் அடங்காது) இருந்திருக்கும், மிஞ்சியது 17. ஆடாமல் என்ன செய்யும்?

கெயினைக் குறைத்தாலும் அடங்கும், ஆனால் லூப் மந்தமாகிவிடும். சென்சாரை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தோம். இப்போது தாமதம் தின்பது 3 டிகிரிதான். புது வால்வுக்குப் போட்டிருந்த கொட்டேஷன் கோப்பிலேயே கிடக்கிறது.

பல்லடம் உறுப்பினர்:
பாய்லர் டிரம் லெவலும் (நீராவி பிரியும் கலத்தின் தண்ணீர் மட்டம்) இதே ரகம்தான் அண்ணா. ஃபீட் வாட்டரை (பாய்லருக்குள் விடும் தண்ணீர்) கூட்டினால் லெவல் முதலில் இறங்கும், அப்புறம்தான் ஏறும். குறைந்த சூட்டில் தண்ணீர் உள்ளே போனதும் நீராவிக் குமிழிகள் சுருங்குகின்றன. கெயின் கோட்டை வைத்தே ஃபேஸைக் கணித்துவிடலாம் என்று பொறியாளர் போடே (Bode) காட்டிய உறவு, இந்த மாதிரி எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிற லூப்புக்கும் டெட் டைம் இருக்கிற லூப்புக்கும் செல்லாது. ரெண்டு கோட்டையும் அளந்தே ஆகணும்.

பீளமேடு உறுப்பினர்:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்க. கெயின் மார்ஜின் (லூப் நிலைகுலைவதற்கு முன் கெயினைக் கூட்ட இருக்கும் இடம்) 6 டெசிபெல் என்றால் கெயினை ரெட்டிப்பாக்கினாலே விளிம்புக்கு வந்துவிடும். நீராவி அழுத்தம் ஏறினால் அதே வால்வு திறப்புக்கு அதிக நீராவி போகும், யாரும் கன்ட்ரோலரைத் தொடாமலே கெயின் கூடும். பாய்லர் முழு அழுத்தத்தில் இருக்கும்போது ஒருமுறை அளந்து பாருங்க.